இரண்டு ரமணிகளும் நம் ஊர் இல்லறமும்



இல்லற வாழ்வின் முற்பகுதியைப் பாடுவதற்குக் கவிகளும், அதன் பிற்பகுதியின் துயரத்தை எழுதுவதற்கு நாவலாசிரியர்களும் எந்தக் காலத்திலும் நம் மொழியில் குறைவின்றி இருந்திருக்கிறார்கள். ஆனால், மணமாகி இருபது ஆண்டுகள் கழிந்து, பிள்ளைகள் தோளுக்குமேல் வளர்ந்து, தலையில் நரையும் கண்ணில் வெள்ளெழுத்தும் வந்துவிட்ட ஒரு கணவனும் மனைவியும், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில், மின்கட்டணத்தைக் கட்ட மறந்தது யார் என்று விவாதித்துக்கொண்டிருப்பதில் உள்ள மனுஷ ரசத்தை எடுத்துச் சொல்ல முன்வந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவரான இயக்குநர் நாகாவைப் பற்றியும், அவருடைய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ என்னும் ஹாஸ்யத் தொடரைப் பற்றியும், அத்தொடர் போய் நின்ற எல்லைக்கு அப்பால் இன்னும் ஒருவரும் கால் வைக்காத இடம் ஒன்று இருப்பதைப் பற்றியும், அந்த இடத்தை நிரப்பத் தகுதியுள்ள ஊர் இந்தத் திருப்பூரே என்று நான் கொண்டிருக்கும் திடமான அபிப்பிராயத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

கே. பாலசந்தர் அவர்களின் ‘மின்பிம்பங்கள்’ நிறுவனத்தின் தயாரிப்பாக 1990களின் பிற்பகுதியில் வெளிவந்தது முதற்பகுதி. ‘மர்மதேசம்’ வாயிலாகத் திகிலுக்கும் அமானுஷ்யத்துக்கும் பெயர்பெற்றிருந்த நாகா, கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி என்ற ஒரே ஒரு கற்பனையைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் வசிக்கும் ஒரு சிறு வீட்டுக்குள் தம் காமிராவை எடுத்துச் சென்றார். பிருத்விராஜும் வாசுகியும் அந்த முதல் தம்பதியாக நடித்தார்கள். பின்னர் வந்த இரண்டாம் பகுதியில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் அப்பாத்திரங்களை ஏற்றார்கள். அதன்பின் நெடுங்காலம் மௌனம். 2022ஆம் ஆண்டில் ‘ஆஹா’ இணையவழித் தளத்தில் மூன்றாம் பகுதி வெளியானபோது, ரமணி தம்பதி நடுவயதை எட்டியிருந்தார்கள். வளர்ந்த பிள்ளைகள் இருவர் அவர்களுக்கு எதிரே நின்று கேள்வி கேட்கும் காலம் வந்திருந்தது.

இத்தொடரைப் பற்றி மேலும் பேசுமுன், இது எந்த வம்சத்தில் பிறந்தது என்பதைச் சற்று ஆராய்தல் அவசியம். திருக்குறளின் 1330 குறட்பாக்களும் எவ்விடத்தில் வந்து முடிகின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அரசியலையும் அமைச்சியலையும் துறவையும் பேசி முடித்த அந்தப் பேராசான், தம் நூலின் இறுதி வார்த்தையைக் கணவன் மனைவி பிணக்குக்கு ஒதுக்கிவைத்தார் என்பதை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை என்பது என் எண்ணம். புலவி நுணுக்கத்தின் கடைசி நான்கு குறள்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். கணவன் தும்முகிறான். வழக்கப்படி வாழ்த்துகிற மனைவி, மறுகணமே அவ்வாழ்த்தை அழித்துவிட்டு, எவள் நினைத்ததனால் இந்தத் தும்மல் வந்தது என்று கேட்டு அழுகிறாள். அடுத்த தும்மல் வரும்போது அவன் புத்திசாலித்தனமாக அதை அடக்கிக்கொள்கிறான். உம்மவர் நினைப்பதை எனக்குத் தெரியாமல் மறைக்கப் பார்க்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். சரி, பணிந்து சமாதானம் செய்வோம் என்று அவன் இறங்கி வந்தால், மற்றப் பெண்களிடமும் இப்படித்தான் பணிந்துபோவீரோ என்று சீறுகிறாள். வாயே திறக்காமல் அவள் அழகைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று உட்கார்ந்தால், யாரோடு ஒப்பிட்டு இந்தப் பார்வை என்று கேட்கிறாள். நான்கு குறள், நான்கு காட்சி, ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் ஏறி நிற்கும் படிக்கட்டு முறை. ஹாஸ்யத் தொடர் எழுதுகிறவர் எவரும் கைகட்டி நின்று பாடம் கேட்க வேண்டிய கட்டமைப்பு அது.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். அங்கே பேசுகிறவள் பரத்தை. எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெருமை பேசுகிற இந்த மனிதன், தன் வீட்டுக்குப் போனதும், கண்ணாடியில் தெரியும் பாவை நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்குவதுபோலத் தன் மகனுடைய தாய் சொன்னதையெல்லாம் செய்கிறான் என்று அவள் நகைக்கிறாள். ‘மகனுடைய தாய்’ என்னும் அந்தக் குறிப்பிலேயே காலம் கடந்திருக்கிறது. குழந்தை பிறந்து, குடும்பம் நிலைத்து, புறத்தே வீரம் பேசுபவன் அகத்தே அடங்கிவிட்ட ஒரு நிலை அந்தச் சில அடிகளில் முழுமையாக வந்துவிடுகிறது.

இவ்வளவு செழுமையான முன்னோர் சொத்து இருந்தும், அச்சு இயந்திரமும் சினிமாவும் வந்த பிறகு நமக்கு வாய்த்தது பெரும்பாலும் பூரிக்கட்டைத் துணுக்குதான். மனைவி என்றால் சீறுகிறவள், கணவன் என்றால் பயந்தவன், மாமியார் என்றால் வில்லி என்ற மூன்று சட்டங்களுக்குள் அடைக்கப்பட்ட பரிகாசம் அது. அதை நான் ஹாஸ்யம் என்று ஏற்பதில்லை. ஒரு பக்கம் எப்போதும் ஜெயிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த சண்டையை யாரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வள்ளுவர் காட்டும் கணவன் நான்கு முறையும் தோற்கிறான் என்றாலும், அத்தோல்வியைச் சொல்லுகிறவன் அவனே, அதில் ஆனந்தப்படுகிறவனும் அவனே என்பதால் அங்கே இருவர் தட்டும் சமமாக நிற்கிறது. இல்லற ஹாஸ்யத்துக்கு இந்தச் சமநிலை உயிர்நாடி.

சினிமாவில் அந்தச் சமநிலை கைகூடிய இடங்கள் சில உண்டு. 1968இல் பாலசந்தர் தம் நாடகத்தைப் படமாக்கி அளித்த ‘எதிர்நீச்ச’லில் ஸ்ரீகாந்தும் சௌகார் ஜானகியும் ஏற்ற கிட்டு மாமா, பட்டு மாமி பாத்திரங்கள் அவற்றில் தலைசிறந்தவை. அண்டை வீட்டுக்காரிக்கு வாய்த்த புடவையையும் வசதியையும் முன்வைத்து மாமி முறையிட, மாமா தம் சம்பளத்தை முன்வைத்துப் பதில் சொல்லும் அந்தப் பாட்டு, கவிஞர் வாலியின் சொல்லிலும் வி. குமாரின் இசையிலும் ஒரு குடித்தனத்தின் வரவு செலவுக் கணக்காகவே அமைந்துவிட்டது. கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றியவர் பாலசந்தர். மாதக் கடைசி என்பது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நிறுவனத்திலிருந்தே ரமணி தம்பதி வெளிவந்தார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

நம் கொங்கு நாட்டின் பங்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோயிலில் பிறந்த கே. பாக்யராஜ், 1985இல் ‘சின்ன வீடு’ படத்தில் மனைவியின் உருவம் தன் மனத்துக்கு ஒவ்வவில்லை என்று அலையும் ஒரு கணவனைக் காட்டினார். அந்த மனைவியாகத் தமிழுக்கு அறிமுகமானவர் கல்பனா. பத்து ஆண்டுகள் கழித்து, 1995இல், பாலு மகேந்திரா இயக்கி, கிரேஸி மோகன் வசனம் எழுதிய ‘சதி லீலாவதி’யில், அதே கல்பனா, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, கணவன் வேறொருத்தியை நாடிச் செல்வதைக் கண்டுகொண்ட மனைவியாக வருகிறார். இவ்விரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு, ஒரே பெண் பத்து ஆண்டு காலம் ஒரே அவமானத்தைச் சுமந்து வந்து, இரண்டாவது முறை அதைத் தூக்கி எறிந்தாள் என்றே தோன்றும். ‘சதி லீலாவதி’யில் கமல்ஹாசனும் கோவை சரளாவும் கொங்குத் தமிழில் சக்திவேல் கவுண்டராகவும் பழனியாகவும் பேசித் தீர்த்ததை நம் பக்கத்து மக்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வதற்குக் காரணம் வெறும் பேச்சு வழக்கின் இனிமை மட்டும் இல்லை; திட்டிக்கொண்டே விட்டுக்கொடுக்காமல் வாழ்கிற ஒரு ஜோடியை, நம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கக் காண்கிறதுபோல அவர்கள் கண்டார்கள்.

இருப்பினும், சினிமாவுக்கு இவ்விஷயத்தில் ஒரு பெருங்குறை உண்டு; அதற்குக் காலம் போதாது. இரண்டரை மணி நேரத்தில் நடுவயதைக் காட்ட வேண்டுமானால் காதோரம் வெள்ளை பூசுவதைத் தவிர அதற்கு வழியில்லை. மேலும், நம் கதாநாயகர்கள் அறுபதிலும் இருபத்தைந்து வயதுப் பெண்ணோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு தொடக்க காலத்தில் நடித்த நாயகியரோ அக்காளாகி, அம்மாவாகி, காணாமற்போய்விடுகிறார்கள். ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்தே மூப்படைவது என்ற, உலகத்திலேயே மிகச் சாதாரணமான காரியத்தை நம் வெள்ளித்திரை அநேகமாகக் காட்டியதே கிடையாது.

‘ரமணி வெர்சஸ் ரமணி’யின் மூன்றாம் பகுதிக்கு நான் தனி மதிப்பு அளிப்பது இந்த இடத்தில்தான். அதில் மனைவியாக வந்தவர் வாசுகி, முதற்பகுதியின் மனைவி. கணவராக வந்தவர் ராம்ஜி, இரண்டாம் பகுதியின் கணவர். அதாவது, முதல் இரண்டு பகுதிகளிலும் ஒருவருக்கொருவர் தம்பதியாக இருந்திராத இருவர், நடுவயதில் தம்பதியாக நம் முன் வந்து நின்றார்கள். தயாரிப்பு வசதிக்காக இப்படி நேர்ந்ததா, திட்டமிட்டே செய்ததா என்ற ஆராய்ச்சி நமக்குத் தேவையில்லை. அதன் பலனைப் பாருங்கள். பழைய தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவ்விருவரில் ஒவ்வொருவரும் நெடுநாள் பழக்கமானவர். ஆனால் இருவரும் சேர்ந்து நிற்கும் காட்சி மட்டும் புதிது. மணமாகி இருபது ஆண்டுகள் சென்ற எந்தக் கணவனையும் மனைவியையும் தனித்தனியே அழைத்துக் கேட்டுப் பாருங்கள்: எதிரே அமர்ந்திருப்பவர் தாம் மணந்துகொண்ட அதே ஆள்தானா என்ற ஐயம் அவர்களுக்கு ஒருமுறையேனும் எழுந்திருக்கும். அந்த முகம் தெரியும், அந்தக் குரல் தெரியும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வரும் என்பதும் தெரியும். ஆயினும் இடையில் எங்கேயோ ஆள் மாறிவிட்டது. அன்று மணந்தவன் ஒருவன், இன்று உடன் இருப்பவன் இன்னொருவன், பெயர் மட்டும் ரமணி. வசனம் எழுதி விளக்கவேண்டிய இந்தத் தத்துவத்தை, நடிகர்களைத் தேர்ந்தெடுத்த செயல் ஒன்றினாலேயே அத்தொடர் நிகழ்த்திக் காட்டிவிட்டது.

வாசுகியின் முகத்தில் தெரிந்த ஆண்டுகள் ஒப்பனையால் வந்தவை அல்ல. பார்க்கிறவர்களும் அதே ஆண்டுகளைக் கடந்து வந்தவர்கள். புதுமணத் தம்பதியாக முதற்பகுதியைப் பார்த்துச் சிரித்தவர்கள், தங்கள் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிய கவலையோடு மூன்றாம் பகுதியைக் கைபேசியில் பார்த்தார்கள். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் கிட்டாத இந்த அந்நியோன்யம் தொலைக்காட்சிக்கு மட்டுமே உரியது. அதிலும், பாத்திரங்கள் தம் பேச்சின் நடுவே நம் பக்கம் திரும்பி, தத்தம் கட்சியை நம்மிடமே முறையிடும் உத்தியை நாகா கையாண்டதனால், நாம் வெறும் ரசிகர்களாக இருக்க முடியவில்லை. இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஊர்ப் பெரியவர்களாகிவிட்டோம். தீர்ப்புச் சொல்ல இயலாமல் தவிப்பதே அங்கே ரசம்.

1999இன் இறுதியில் தொடங்கிய ‘சித்தி’யின் மாபெரும் வெற்றிக்குப் பிறகு தினசரித் தொடர்கள் மாலைப் பொழுது முழுவதையும் கைப்பற்றிக்கொண்டதும், வாரம் ஒருமுறை வந்துபோன இத்தகைய சிறு ஹாஸ்யங்களுக்கு இடமில்லாமற் போனதும் தாங்கள் கண்கூடாகக் கண்ட சரித்திரம். அதை நான் விரித்துரைக்கப் போவதில்லை.

இனி, அத்தொடரின் எல்லை எது என்பதைச் சொல்கிறேன். ரமணி தம்பதியின் வீடு சென்னை நடுத்தர வர்க்கத்தின் வீடு. அவர்களுடைய உத்தியோகம் அநேகமாக வாசலுக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது. சண்டை மட்டும் உள்ளே நடக்கிறது. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ், ஒரே வரிசையில், ஒரே தொழிலைச் செய்து நடுவயதை அடைந்தால் அந்தச் சண்டை எப்படி இருக்கும் என்று அத்தொடர் கேட்கவில்லை. நான் அறிந்தவரை தமிழில் எந்தத் தொடரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கும் ஊரில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் தோன்றிய காலத்தையொட்டி, தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பதினெட்டு, இருபது வயதில் பனியன் கம்பெனி வேலைக்காக இங்கே வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கைமடியாக, அதாவது தைப்பவருக்கு உதவியாளாகச் சேர்ந்தார்கள், ஆள் இல்லாத நேரத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்து பழகினார்கள், ஓவர்லாக், பிளாட்லாக் என்று கை தேறினார்கள், அதே கம்பெனியில் சந்தித்து மணந்துகொண்டார்கள், அல்லது மணந்துகொண்ட பின் அதே கம்பெனிக்கு வந்தார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை, ஒன்பது வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் இருவருக்கும் பொது. சனிக்கிழமைச் சம்பளக் கவர் இருவருக்கும் உண்டு. பீஸ் ரேட் என்று ஒரு உருப்படிக்குத் தொகை பேசிவிட்டால், தைத்தது ஆணா பெண்ணா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. வீட்டுக்கு வந்த பின் அடுப்படி இன்னமும் அவள் தலையில்தான் விடிகிறது என்ற அநீதியை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால், ‘நான் சம்பாதித்துப் போடுகிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தை மனைவியின் முகத்துக்கு எதிரே சொல்ல முடியாத கணவர்கள் தமிழ்நாட்டிலேயே அதிகமாக வாழும் ஊர் இது. இல்லற ஹாஸ்யத்துக்கு உயிர்நாடி என்று நான் சொன்ன சமநிலை, வேறெங்கும் நாடகாசிரியன் கற்பனை செய்து வரவழைக்க வேண்டியது, இங்கே தொழிலினாலேயே ஏற்பட்டிருக்கிறது.

அந்தத் தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. அவர்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் தாக்கியிருக்கும் எதிரி கண்பார்வை. ஊத்துக்குளி சாலைப் பக்கம், வீட்டின் முன் அறையில் நான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ‘பவர் டேபிள்’ என்னும் சிறு தையல் கூடம் ஒன்றில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஓவர்லாக்கில் நூல் அறுந்துவிட்டது. மேலே ஊசியில் கோப்பது எளிது; கீழே லூப்பர் என்னும் கொக்கியின் கண்ணுக்குள் கோப்பதற்கு மூடியைத் திறந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, சிறு இடுக்கியால் நூல் நுனியைப் பிடித்து, எண்ணெய் மினுக்கும் இரும்புகளுக்கு நடுவே உள்ளே தள்ள வேண்டும். அங்கே தைத்துக்கொண்டிருந்த கணவர் இரண்டு முறை முயன்றார். நூல் நுனி பிரிந்து பஞ்சாயிற்று. நாக்கில் தொட்டு முறுக்கி மறுபடியும் முயன்றார். அடுத்த மெஷினில் இருந்த அவர் மனைவி, தம் கையிலிருந்த உருப்படியைத் தைத்து முடித்துப் போட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியோடு எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் இடுக்கியை வாங்கி ஒரே முயற்சியில் கோத்தார். பிறகுதான் பேசினார்: “நூல் கோக்கறதுக்கு மட்டும் நான் வேணுமுங்க, அந்துச்சுன்னா மட்டும் எம்மேல கோவமுங்க.” கணவர் நிமிராமலே, “அந்தது நூலு இல்ல புள்ள, எங் கண்ணு” என்றார். அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி அவர் மெஷின் மேல் வைத்துவிட்டுத் தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தைக்க வராது. ஆகையால், கணவர் அடுத்த வரிசையை முடித்து அதைத் திருப்பித் தரும்வரை, கைமடி வேலையை இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருந்தார். ஒரு கண்ணாடி, இரண்டு மெஷின், மாலைக்குள் கட்டி அனுப்ப வேண்டிய ஆர்டர். இதைக் காட்டிலும் சிறந்த ஒரு காட்சியை எந்த ஹாஸ்யத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

2020 மார்ச் ஊரடங்கின்போது மெஷின்கள் நின்றுபோன நாட்களில், இருபத்தைந்து ஆண்டுகளாகக் கம்பெனியின் இரைச்சலுக்கு நடுவே சைகையாலும் உரத்த குரலாலும் மட்டுமே பேசிப் பழகிய தம்பதிகள், முதன்முறையாக ஒரு அறைக்குள் பகல் முழுவதும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. அமைதியான வீட்டிலும் கத்தியே பேசினார்கள் என்று அவர்கள் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நாட்களின் பசியும் அச்சமும் பற்றி எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட வேண்டியதுதான். அந்த அறைக்குள் பிறந்த சிரிப்பை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நொய்யல் ஆற்றில் கலந்த சாயநீரின் துயரத்தைச் ‘சாயத்திரை’ என்னும் நாவலாக்கிய சுப்ரபாரதிமணியன் வாழும் ஊர் இது. அந்தத் துயரத்துக்கு அவர் காட்டிய சிரத்தையை இந்தச் சிரிப்புக்கும் ஒருவர் காட்ட வேண்டாமா?

ஆகையால், இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு என்று வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை, ஓராண்டு சொற்பொழிவு, மறு ஆண்டு நாடகம் என்று மாற்றியமையுங்கள். அரைமணி நேரத்துக்கு மேற்படாத ஹாஸ்ய நாடகங்கள். நாற்பது வயதைக் கடந்த ஒரு கணவனும் மனைவியும் அதில் முக்கியப் பாத்திரங்களாக இருக்க வேண்டும். இருவரும் உழைப்பவர்களாக இருக்க வேண்டும். யார் பக்கம் நியாயம் என்பது கடைசிவரை தீராமல் இருக்க வேண்டும். எழுதுகிறவர்கள் எழுத்தாளர்களாக இருக்க வேண்டுமென்ற நிபந்தனை வேண்டாம். செக்கிங் மேஜையிலிருந்தும் அயர்ன் மேஜையிலிருந்தும் வாயால் சொன்னால் எழுதிக்கொடுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அநேகமாக அவர்கள் அந்த மேஜைக்காரர்களின் பிள்ளைகளாகவே இருப்பார்கள். நடிப்பதற்கும் வெளியூரிலிருந்து ஆள் அழைக்காமல், உண்மையான தம்பதிகளையே மேடையேற்றுங்கள்.

தேதியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேண்டாம். ஆர்டர் நெருக்கடியில் ஞாயிறும் வேலை நாளாகிவிடும், ஒருவரும் வர முடியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, கம்பெனிகள் மறுபடி முழுமூச்சாக ஓடத் தொடங்குவதற்கு இடையில் ஒரு வாரம் கிடைக்கிறதே, அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மாலையாக வையுங்கள்.